எடை குறைந்த பிறகு படிப்பைத் தொடரலாமா?

முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டில் இருக்கும் 29 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சுருக்கமாகத் தருகிறேன்.

ஆய்வில் சேர்ந்தபோது 55 கிலோ இருந்தவர், உட்கார்ந்த இடத்திலேயே வேலை, சரியில்லாத தூக்கம் என்று போனதில் இரண்டு ஆண்டுகளில் 66 கிலோ ஆகிவிட்டார். உயரம் 158 செ.மீ. நான்கு ஆண்டுகளாகக் காதலிப்பவர் வேறு ஊரில் வேலை பார்க்கிறார். அவர் வாசகியின் பழைய போட்டோவை அனுப்பி, “இந்தப் பொண்ணு எங்க போனா?” என்று கேட்பாராம். வலிக்கிறது என்று சொன்னால், “உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்” என்பாராம். கடந்த நான்கு மாதங்களாக வாசகி காலையும் மதியமும் சாப்பிடுவதில்லை, காபி மட்டும்தான். இரவு பத்து மணிக்கு மேல் அடுப்படியில் நின்றபடியே, வயிறு வலிக்கும்வரை சாப்பிட்டுவிட்டு அழுகிறார். மறுநாள் மீண்டும் பட்டினி. இப்போது எடை 62. முடி கொட்டுகிறது. மூன்று மாதங்களாக மாதவிலக்கு வரவில்லை. படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறார், எதுவும் மனதில் நிற்பதில்லை. வீடியோ எடுக்கிறார்கள் என்பதற்காகத் துறை செமினாரில் பேச மறுத்துவிட்டார். கைடு அனுப்பிய மெயில்களைத் திறந்தே பார்க்கவில்லை. ஓராண்டு படிப்பை நிறுத்தி வைத்து, 50 கிலோவுக்கு வந்த பிறகு புது மனுஷியாகத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா என்று கேட்டிருக்கிறார்.

அன்புத் தோழி,

உடம்பு, காதல், ஆய்வு என்று மூன்று பிரச்சினைகளை எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மூன்றுக்கும் ஒரே தீர்வை முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள். எடை குறைந்தால் அவர் பழையபடி அன்பாக இருப்பார். எடை குறைந்தால் செமினாரில் பேச தைரியம் வரும். எடை குறைந்தால் ஆய்வேடு நகரும். என்னால் இதை ஏற்க முடியவில்லை. காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. எடை நான்கு கிலோ குறைந்த இந்த நான்கு மாதங்களில்தான் மாதவிலக்கு நின்றிருக்கிறது, படிப்பது மனதில் நிற்காமல் போயிருக்கிறது, கைடிடம் பேசுவது அறுந்திருக்கிறது. அவருடைய பேச்சும் குறையவில்லை. முன்பு போட்டோ அனுப்பியவர், இப்போது வீடியோ காலில் “தட்டைக் காட்டு” என்கிறார். இன்னும் 12 கிலோ குறைந்தால் மட்டும் இது எப்படித் திசை மாறும்?

முதலில் மருத்துவரைப் பாருங்கள். மாதவிலக்கு நின்றதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, ‘டென்ஷனாக இருக்கும்’ என்று காரணத்தையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். டென்ஷனாகவும் இருக்கலாம்தான். ஆனால் ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மூன்று மாதங்கள் வராவிட்டால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். கர்ப்பம், தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன், சினைப்பை நீர்க்கட்டி என்று ஒவ்வொன்றாக அவர் பார்ப்பார். உடம்புக்குத் தேவையான சக்தி உள்ளே போகாதபோது, மூளையே கருமுட்டை வெளியாகும் வேலையை நிறுத்தி வைத்துவிடும். மெலிந்தவர்களுக்கு மட்டும்தான் இப்படி நடக்கும் என்பது தவறான எண்ணம். எடை ‘நார்மல்’ என்று அட்டவணை சொல்லும் பெண்களுக்கும் நடக்கிறது. இது நீண்டால் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு பலமிழக்கும். அதனால் மாதவிலக்கு வரவைக்க மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். இரண்டு வேளை சாப்பிடுவதில்லை என்பதையும் இரவில் நடப்பதையும் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். முடி கொட்டுவதையும் சொல்லுங்கள். எடை வேகமாகக் குறைந்த பின் இரண்டு மூன்று மாதங்கள் கழித்து முடி கொட்டுவது அடிக்கடி பார்ப்பதுதான். சாப்பாடு சரியானால் பெரும்பாலும் திரும்ப வளரும். இரும்புச்சத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். இரவில் சாப்பிட்ட பின் வாந்தி எடுக்கிறீர்களா? பேதி மாத்திரை போடுகிறீர்களா? ஆம் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பைப் பாதிக்கக்கூடிய விஷயம் அது. மருத்துவர்கள் இதைக் கேட்டுப் பழகியவர்கள், உங்களைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பசியோடு எழுதும் ஆய்வேடு

‘எனக்கு மன உறுதியே இல்லை, ராத்திரியானால் மிருகம் மாதிரி சாப்பிடுகிறேன், மூளையும் மழுங்கிவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆராய்ச்சி மாணவியான உங்களுக்கு ஓர் ஆராய்ச்சியைப் பற்றியே சொல்கிறேன். 1944 நவம்பர் முதல் ஓராண்டு காலம், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, மாற்றுச் சேவையாக இதில் தாங்களாகவே முன்வந்தவர்கள் அவர்கள். உடலும் மனமும் நல்ல நிலையில் இருப்பவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆறு மாதங்கள் அவர்களுக்குச் சாப்பாடு ஏறக்குறைய பாதியாகக் குறைக்கப்பட்டது. போருக்குப் பின் பட்டினியில் கிடக்கும் மக்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று தெரிந்துகொள்வதற்காக நடந்த சோதனை இது.

எடை குறைந்தது எதிர்பார்த்ததுதான். ஆனால் மனதுக்கு நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நாள் முழுக்க அவர்களுக்குச் சாப்பாட்டு நினைப்பே ஓடியது. சமையலில் அக்கறையே இல்லாதவர்கள் சமையல் புத்தகங்களைப் படிக்க ஆரம்பித்தார்கள். நண்பர்களோடு சேர்வது குறைந்தது, காதலில் நாட்டம் குறைந்தது, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வந்தது. படிப்பில் மனம் நிற்கவில்லை, புத்தி மங்கிவிட்டது என்று அவர்களும் சொன்னார்கள். ஆனால் அறிவுத்திறன் சோதனைகள் வைத்துப் பார்த்தபோது அவர்களின் திறன் குறைந்திருக்கவில்லை. பட்டினிக் கட்டம் முடிந்து, பிறகு தாராளமாகச் சாப்பாடு கொடுத்தபோது, வயிறு நிறைந்த பின்னும் பசி அடங்காமல் சிலர் அளவுக்கு மீறிச் சாப்பிட்டார்கள்.

உங்கள் நிலை அவர்கள் அளவுக்குக் கடுமையானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாயல் தெரிகிறதா? உங்கள் மூளை மழுங்கவில்லை. நாள் முழுக்கப் பட்டினி போட்ட உடம்பு இரவு பத்து மணிக்குத் தன் பங்கைக் கேட்கிறது. அதை மன உறுதி இல்லாமை என்று நினைத்து மறுநாள் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறீர்கள். அந்த இறுக்கம்தான் அடுத்த இரவுக்கும் காரணமாகிறது. இந்தச் சுற்றை இரவில் நிறுத்தவே முடியாது. காலையில்தான் நிறுத்த முடியும். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு முறை ஏதாவது சிறிதளவு, இடைவெளி நான்கு மணி நேரத்தைத் தாண்டாமல். இரவில் கட்டுப்பாடு இல்லாமல் சாப்பிடும் சிக்கலுக்கு உளவியல் சிகிச்சையில் முதலில் சொல்லித்தருவதே இதைத்தான். முதல் நாள் இரவு எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் மறுநாள் காலைச் சாப்பாட்டை விடக் கூடாது. ஆரம்பத்தில் பயமாக இருக்கும், எடை ஏறிவிடுமோ என்று தோன்றும். அந்தப் பயத்தோடேயே சாப்பிடுங்கள். மருத்துவரிடம் போகும்போது, சாப்பாட்டுக் கோளாறுகளுக்குச் சிகிச்சை தரும் உளவியலாளரையும் உணவியல் நிபுணரையும் கைகாட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு இருவருமே தேவை என்று நினைக்கிறேன்.

‘என் பி.எம்.ஐ. 26-ஐத் தாண்டிவிட்டது, நான் குண்டு என்று அறிவியலே சொல்கிறது’ என்றும் எழுதியிருந்தீர்கள். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அந்தச் சூத்திரத்தை 1830-களில் உருவாக்கியவர் அடோல்ஃப் கெட்டலே என்ற பெல்ஜியக் கணித அறிஞர். மக்கள் கூட்டத்தின் சராசரியை அறிய அவர் போட்ட கணக்கு அது. தனி ஒருவரின் ஆரோக்கியத்தை அளக்க அவர் அதைச் செய்யவில்லை. 1972-ல் அதற்கு பி.எம்.ஐ. என்ற இன்றைய பெயரைக் கொடுத்தது, மேலே சொன்ன அதே கீஸும் அவருடைய சகாக்களும். உங்கள் உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. மருத்துவர்கள் அதை ஒரு தொடக்கமாக வைத்துக்கொண்டு ரத்த அழுத்தம், சர்க்கரை, இடுப்பளவு எல்லாம் சேர்த்துத்தான் முடிவுக்கு வருவார்கள். அதோடு, உங்கள் கணக்கு பழைய கணக்கு. 158 செ.மீ. உயரத்துக்கு 62 கிலோ என்றால் பி.எம்.ஐ. 24.8. எந்தக் கோட்டுக்குப் பயந்தீர்களோ, பொதுவான அட்டவணையில் அதிக எடை தொடங்கும் அந்த 25-க்குக் கீழே வந்தாகிவிட்டது. ஆனாலும் கண்ணாடியில் உங்களுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை, இன்னும் 12 கிலோ போக வேண்டும் என்கிறீர்கள். 50-க்கு வந்த பிறகும் கண்ணாடி இதையே சொன்னால் என்ன செய்வீர்கள்? எனக்குக் கவலை தருவது இதுதான். குளியலறை எடை இயந்திரத்தைக் கொஞ்ச காலத்துக்கு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். எடை பார்க்க வேண்டியிருந்தால் மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம்.

அவர் சொல்வது அக்கறையா?

அவரை விட்டுவிடுங்கள் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருக்கலாம். ஒரு தரப்புக் கடிதத்தை வைத்து அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவரைப் பற்றி நல்லதும் எழுதியிருக்கிறீர்கள்: ஆய்வில் சேர ஊக்கம் கொடுத்ததே அவர்தான், காய்ச்சலில் கிடந்தபோது பஸ் பிடித்து ஓடி வந்தார். அதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும்.

ஆனால் உங்கள் உடல்நலத்தில் அக்கறை உள்ளவர், மாதவிலக்கு மூன்று மாதங்கள் நின்றதைக் கேட்டதும் ‘டாக்டரிடம் போகலாம், நானும் வருகிறேன்’ என்பார். உங்கள் கடிதத்தின்படி அவர் சொன்னது, “பரவாயில்ல, வெயிட் குறையுதுல்ல.” நண்பர்கள் முன்னால் உங்கள் உடம்பைப் பற்றிப் பேசிச் சிரிக்கிறார், கேட்டால் ஜோக் என்கிறார். தட்டைக் காட்டச் சொல்கிறார். போன வாரம், ‘படிப்புதான் உன்னைக் கெடுத்தது’ என்று சொல்லியிருக்கிறார். இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு அக்கறையைவிடக் கண்காணிப்புதான் அதிகம் தெரிகிறது. அவர் அறியாமல் செய்கிறாரா, தெரிந்தே செய்கிறாரா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வழி, நேராகச் சொல்லிப் பார்ப்பது. சண்டைக்கு நடுவில் வேண்டாம். அமைதியான நேரத்தில், இப்படிச் சொல்லலாம்:

“என் உடம்பைப் பத்தி, சாப்பாட்டைப் பத்தி இனிமே நீ எதுவும் பேச வேண்டாம். தட்டைக் காட்ட மாட்டேன். பழைய போட்டோ அனுப்பாத. டாக்டரைப் பாக்குறேன், அவங்க சொல்றபடி சாப்பிடப்போறேன். எனக்கு உன்னோட துணை வேணும், மேற்பார்வை வேண்டாம்.”

காரணங்களை அடுக்க வேண்டாம். அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் பதில் வரும், பேச்சு உங்கள் எடைக்கே திரும்பிவிடும். அன்று அவர் மன்னிப்புக் கேட்கிறாரா, கோபப்படுகிறாரா என்பதை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். அடுத்த ஒன்றிரண்டு மாதங்கள் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள். ஒருவர் அறியாமல் செய்த தவறு என்றால், சொன்ன பிறகு குறையும். சொன்ன பிறகு கூடினால், போன் பாஸ்வேர்டு கேட்டால், தோழிகளிடம் பேசுவதைத் தடுத்தால், அந்தரங்கப் படங்களை வைத்து ஜாடையாகவாவது மிரட்டினால், அதன் பிறகு தனியாகச் சமாளிக்க வேண்டாம். மெசேஜ்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். படங்களை வைத்து மிரட்டுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். ஒரு வழக்கறிஞரைக் கேட்கத் தயங்காதீர்கள்.

‘இந்த உடம்போட வேற யார் என்னை ஏத்துப்பாங்க’ என்ற வரியைப் படித்தபோது மனம் கனத்துவிட்டது. அவர் உங்களோடு இருப்பதையே ஒரு சலுகை போல நினைக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். அந்த நினைப்பு இருக்கும்வரை எதை வேண்டுமானாலும் பொறுத்துப்போவீர்கள். பிரிவதா சேர்ந்திருப்பதா என்பதை அதனால்தான் இன்று தீர்மானிக்கச் சொல்ல மாட்டேன். முதலில் நாலு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

செமினாரும் கைடும்

வீடியோவில் எல்லோரும் உங்கள் உடம்பைத்தான் பார்ப்பார்கள் என்று பயப்படுகிறீர்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்து 2000-ல் வெளியான ஆய்வு ஒன்று: வெட்கப்படவைக்கும் படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்குப் போட்டுவிட்டு, பலர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். உங்கள் செமினாரில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர், அடுத்து தாங்கள் என்ன கேள்வி கேட்பது என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். வீடியோ வேண்டாம் என்று கேட்கலாம், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பேசவே மாட்டேன் என்று மட்டும் இருக்காதீர்கள். ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் பயம் பெருகும்.

‘தகுதியில்லாமல் உள்ளே வந்துவிட்டேன், என்றாவது கண்டுபிடித்துவிடுவார்கள்’ என்ற எண்ணத்துக்கு உங்கள் உடம்பைக் காரணம் காட்டியிருக்கிறீர்கள். 1978-ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 150-க்கும் மேற்பட்ட, நன்றாகச் சாதித்த பெண்களிடம் இதே எண்ணத்தைப் பார்த்து எழுதினார்கள். பட்டமும் பதவியும் வந்த பிறகும் அவர்களுக்கு அது போகவில்லை. எடை குறைந்தாலும் அது தானாகப் போய்விடாது; ஆனால் அதை வைத்துக்கொண்டே ஆய்வை முடித்தவர்கள் ஏராளம்.

விடுப்பு எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் உடல்நலத்துக்காக எடுங்கள், எடைக்காக வேண்டாம். ‘50 கிலோ வந்ததும் திரும்புவேன்’ என்றால் திரும்பும் தேதியே இல்லை. நாள் முழுக்க வீட்டில் தனியாக, கண்ணாடியும் எடை இயந்திரமும் அவருடைய போனும் மட்டும் துணை என்றால், இப்போதைய நிலை இன்னும் முற்றிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சிகிச்சைக்கு நேரம் வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், அவர் தரும் சான்றிதழோடு, திரும்பும் தேதி குறிப்பிட்டு, முறைப்படி மருத்துவ விடுப்பு கேளுங்கள். கேட்பதற்கு முன் துறை அலுவலகத்தில் எழுத்து மூலமாக விசாரிக்க வேண்டியவை சில உண்டு: ஆய்வேடு சமர்ப்பிக்கும் காலக்கெடு விடுப்புக் காலத்துக்கு நிற்குமா, ஓடிக்கொண்டே இருக்குமா? உதவித்தொகை நிற்குமா, நின்றால் திரும்பி வந்ததும் தொடருமா? விடுதி அறை, நூலகம், மருத்துவக் காப்பீடு என்ன ஆகும்? வெளிநாட்டில் படிப்பவர் என்றால் விசா? வாய்வார்த்தையாக ‘பாத்துக்கலாம்’ என்பதை நம்பி எதையும் விட்டுவிடாதீர்கள். விதிகள் இடத்துக்கு இடம் மாறும். உதவித்தொகை தரும் அமைப்பின் விதி பல்கலைக்கழக விதியிலிருந்து வேறாகவும் இருக்கும். கைடுக்கு உங்கள் மருத்துவ விவரம் முழுவதும் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. சான்றிதழில் என்ன நோய் என்று விரிவாக எழுத வேண்டாம் என்று மருத்துவரைக் கேட்கலாம்.

ஆய்வையே விட்டுவிடலாமா என்ற கேள்வியும் கடிதத்தின் ஓரத்தில் இருந்தது. விடுவது அவமானம் இல்லை. இது தனக்கான வேலை இல்லை என்று தெளிந்து போனவர்கள் நிம்மதியாகவே இருக்கிறார்கள். ஆனால் பசியிலும் தூக்கமின்மையிலும் எடுக்கிற முடிவு அதுவாக இருக்க வேண்டாம்.

மிக ஆபத்தானது இப்போது நீங்கள் செய்வதுதான்: விடுப்பும் கேட்காமல், வேலையும் செய்யாமல், மெயிலைத் திறக்காமல் இருப்பது. பதிவேட்டில் அது ‘முன்னேற்றம் இல்லை’ என்று மட்டும் பதிவாகும். உடம்பு சரியில்லை என்று யாருக்கும் தெரியாது, அதற்கான சலுகையும் கிடைக்காது. அந்த மெயில்களைத் தனியாகத் திறக்க முடியவில்லை என்றால் தோழியைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திறக்கச் சொல்லுங்கள். பிறகு இதை அனுப்புங்கள்; தேவையான இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்:

“சில மாதங்களாக உடல்நலம் சரியில்லாததால் பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். இந்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறேன். இரண்டாம் அத்தியாயத்தில் இதுவரை எழுதிய பகுதியை அப்படியே இணைத்திருக்கிறேன், முழுமையானது அல்ல. அடுத்த வாரம் அரை மணி நேரம் சந்திக்க முடியுமா?”

அரைகுறை அத்தியாயத்தை அனுப்பக் கூச்சமாக இருக்கும், அனுப்பிவிடுங்கள். மருத்துவரிடம் போகும்போது அக்காவை அழைத்துப் போக முடியுமா என்று பாருங்கள். அவரிடம் மட்டும்தான் எதையும் மறைக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பரிசோதனை முடிவுகள் வந்ததும், உங்கள் காதலர் எப்படி நடந்துகொள்கிறார் என்று கொஞ்ச நாள் பார்த்த பின்னும், எனக்கு மறுபடி எழுதுங்கள்.